கூட்டம் இருக்கட்டும், கடிகாரம் வேண்டாம்

ஜிம்மில் பயிற்சி செய்துகொண்டிருந்த இளைஞர் சுருண்டு விழுந்து உயிரிழந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் வீடுகளில் இரண்டு பேச்சு கிளம்பும். ‘இதுக்குத்தான் அந்தப் பக்கமே போகாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்’ என்பது ஒன்று. ‘எல்லாம் அந்தக் கொரோனா தடுப்பூசியால வந்த வினை’ என்பது இன்னொன்று. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில், கேட்டிருக்க வேண்டிய கேள்வி அமுங்கிப்போகிறது. அங்கே என்ன பயிற்சி நடந்தது? எவ்வளவு வேகத்தில் நடந்தது? யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

நம் நகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்கள் கடந்த பத்தாண்டுகளில் உள்ளுக்குள் வெகுவாக மாறிவிட்டன. சுவரில் அனுமன் படம், பக்கத்திலேயே அர்னால்டு படம், மூலையில் கர்லா கட்டை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் என்பது பழைய ஜிம். ஒரு செட் முடித்தவர் இரண்டு நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். பிறகு அடுத்த செட்.

புதிய கூடத்தில் உட்கார நாற்காலியே கிடையாது. இருபது பேர் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். வெள்ளைப் பலகையில் அன்றைய பட்டியல் எழுதியிருக்கும். சுவரில் சிவப்பு எண்களில் கடிகாரம் ஓடும். காதைப் பிளக்கும் பாட்டு. முப்பது பர்ப்பி, இருபது கெட்டில்பெல் வீச்சு, பதினைந்து ஸ்குவாட், மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் தரையில் மல்லாந்து கிடப்பவர்களைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். எவ்வளவு களைப்போ, அவ்வளவு நல்ல பயிற்சி என்று அந்தப் படம் சொல்கிறது.

அது தவறான கணக்கு. அதற்காகக் குழுப் பயிற்சியே தவறு என்று சொல்ல வரவில்லை. கூடிச் செய்வதில் உள்ள நன்மை பெரியது. அதைக் கடிகாரப் போட்டியிலிருந்து பிரித்தெடுக்க முடியும், பிரித்தாக வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

கலிபோர்னியாவிலிருந்து வந்தது

இந்த அலையின் தொடக்கம் கிராஸ்ஃபிட். ஜிம்னாஸ்டிக்ஸ் பின்னணி கொண்ட கிரெக் கிளாஸ்மன் 2000-ல் கலிபோர்னியாவில் நிறுவியது. இயந்திரத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைப் பார்த்து ஒரு கையை மட்டும் முறுக்குவதால் உடம்பு எதற்கும் லாயக்காவதில்லை என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருந்தது. பளுதூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், ஓட்டம் மூன்றையும் கலந்து, தினம் ஒரு புதுப் பட்டியல் போட்டு, அதை நேரம் வைத்து முடிக்கச் சொன்னார். 2007-ல் ஒரு பண்ணையில் போட்டியும் தொடங்கியது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூடங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டன.

பெயருக்கு ஆண்டுக் கட்டணமும் முதல்நிலைப் பயிற்சியாளர் சான்றிதழும் இருந்தாலே போதுமாக இருந்தது; உள்ளே எப்படி நடத்துவது என்பது கூடத்துக்காரர் விருப்பம். அந்தச் சான்றிதழுக்கு இரண்டு நாள் வகுப்பும் ஒரு தேர்வும்தான். ஆகவே ஓரிடத்தில் அருமையான மாஸ்டர் இருப்பார். அதே பெயர்ப் பலகை தொங்கும் இன்னோர் இடத்தில் விசிலடிக்க மட்டும் தெரிந்தவர் இருப்பார். பிறகு ஆஸ்திரேலியாவின் எஃப்45, ஜெர்மனியின் ஹைராக்ஸ் என்று வரிசையாக வந்தன. இந்தியாவில் 2016-ல் பெங்களூரில் தொடங்கிய கல்ட் குழு வகுப்புகளை நடுத்தர வர்க்கத்துக்குப் பழக்கப்படுத்தியது. இன்று பேட்டைக்குப் பேட்டை இதன் நகல்கள்.

இவற்றுக்கெல்லாம் அறிவியல் ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ‘தபாட்டா’. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வு அது. 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று, மொத்தம் நான்கு நிமிடம். பலன் உண்மை. ஆனால் அதைச் செய்தவர்கள் விளையாட்டில் ஊறிய இளைஞர்கள். செய்தது, எடையே தூக்காமல், சைக்கிள் எந்திரத்தில். உடம்பு அதிகபட்சமாக ஆக்ஸிஜன் வாங்கும் நிலையில் செய்யக்கூடிய உழைப்பில் 170 சதவீத அளவு. இன்று கைபேசிச் செயலிகள் ‘தபாட்டா’ என்று சொல்லி 48 வயதுக் கணக்காளரைப் பார்பெல்லோடு குதிக்க வைக்கின்றன. ஆய்வுக்கும் அதற்கும் பொதுவாக இருப்பது அந்த 20 விநாடி மட்டும்தான்.

இதயம் என்ன சொல்கிறது

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது, பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு இளைஞர்கள் குவிந்தார்கள். அந்தப் பயம் இன்னும் தணியவில்லை. உடற்பயிற்சிதான் கொன்றது என்று எந்தத் தனி மரணத்தைப் பற்றியும் வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. மொத்தமாகப் பார்த்தால் சில விஷயங்கள் தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நாடெங்கும் 47 மருத்துவமனைகளைக் கொண்டு, 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களின் விளக்கமில்லாத திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. இரண்டு தவணை போட்டவர்களிடம் ஆபத்து குறைவாகவே இருந்தது. குடும்பத்தில் திடீர் மரண வரலாறு, புகை, இறப்பதற்கு 48 மணி நேரத்துக்குள் மிதமிஞ்சிய குடி, போதைப் பொருள் ஆகியவற்றோடு தொடர்பு தெரிந்தது. அதே 48 மணி நேரத்துக்குள் செய்த கடும் உடலுழைப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இதை மட்டும் படித்துவிட்டு ஜிம் சந்தாவை ரத்து செய்பவர்கள் 1993-ல் அமெரிக்காவில் வெளியான இன்னோர் ஆய்வையும் பார்க்க வேண்டும். கடும் உழைப்புக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, சும்மா இருக்கும் நேரத்தைவிட எத்தனை மடங்கு என்று கணக்கிட்டார்கள். வாரம் ஐந்து நாளாவது உழைப்பவர்களுக்கு அது 2.4 மடங்கு. வாரத்தில் ஒரு நாள்கூட உடம்பை வளைக்காதவர்களுக்கு 107 மடங்கு. ஒரு தனி மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் 107 என்ற எண்ணைக் கண்டு அலற வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து எங்கே குவிந்திருக்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது: பழக்கமில்லாத உடம்பு, திடீர் உச்சம்.

புத்தாண்டுச் சபதத்தில் ஜனவரி 2-ம் தேதி ஜிம்முக்கு வருபவர் இந்த ஆள்தான். குழு வகுப்பு அவரையும், மூன்று வருடமாக வருபவரையும் ஒரே கடிகாரத்துக்கு முன்னால் நிறுத்துகிறது. பக்கத்தில் இருப்பவர் நிறுத்தாதபோது தான் மட்டும் நிறுத்த அவருக்குக் கூச்சம்.

ஆறு தூக்கும் முப்பது தூக்கும்

கிராஸ்ஃபிட்டின் புகழ்பெற்ற பட்டியல்களுக்குப் பெண் பெயர்கள் உண்டு. அதில் ஒன்று ‘கிரேஸ்’. சுமார் 61 கிலோ பார்பெல்லைத் தரையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து தலைக்கு மேலும் தூக்க வேண்டும். இப்படி முப்பது முறை. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோம் என்பதுதான் மதிப்பெண்.

இதே தூக்கைத் தொழிலாகச் செய்தவர் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். 2018-ல் இரண்டு முறைகளிலும் சேர்த்து அவர் தூக்கியது 317 கிலோ. ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஒரு வீரருக்குக் கிடைப்பது மொத்தம் ஆறு வாய்ப்பு. ஸ்நாட்ச்சில் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று. அங்கேயும் கடிகாரம் ஓடும். ஆனால் அது தூக்கத் தொடங்குவதற்கான கெடு. அந்த ஒரு நிமிடத்தில் வீரர் மூச்சை இழுத்து, பிடியைச் சரிசெய்து, தயாரான பிறகே குனிகிறார். பல வருடம் பழகியவர் ஆறே ஆறு முறை, நடுநடுவே ஓய்வெடுத்துக்கொண்டு செய்யும் வேலையை, பழகி ஆறு மாதமானவர் மூச்சு வாங்க முப்பது முறை செய்கிறார்.

பதினெட்டாவது தூக்கில் என்ன ஆகிறது என்று பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். முதல் ஐந்தில் நேராக இருந்த முதுகு இப்போது வில்லாக வளைந்திருக்கும். தொடை செய்ய வேண்டிய வேலை இடுப்புக்கு மேல் ஏறியிருக்கும். பார்பெல் உடம்பை ஒட்டி வராமல் முன்னால் தள்ளிப்போகும். தொடை முதலில் களைத்துவிட்டதால் கீழ்முதுகெலும்பைச் சுற்றிய தசைகள் சுமையை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் கடிகாரம் நிற்காது, பாட்டும் நிற்காது. ‘கமான், இன்னும் பன்னெண்டுதான்!’ என்று நாலு பேர் கத்துவார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கத்துகிறார்கள்.

எடையைக் கையில் வாங்கியவர் கவனிக்க வேண்டியது முறை. வேகமும் களைப்பும் அந்தக் கவனத்தைத் தின்றுவிடும். வேர்த்து விறுவிறுத்து இதயத்துக்கு வேலை கொடுக்க வேண்டுமா, சைக்கிள் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, துடுப்பு எந்திரம் இருக்கிறது. களைப்பில் முறை தவறினாலும் முதுகெலும்பு அவ்வளவாக விலை கொடுக்காத கருவிகள் அவை.

தசைச் சிதைவு என்ற இன்னோர் ஆபத்தும் உண்டு. மருத்துவர்கள் ராப்டோமயோலைசிஸ் என்பார்கள். அளவு மீறிய உழைப்பில் தசை நார்கள் உடைந்து, அவற்றின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். 2011 ஜனவரியில் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியினர், விடுமுறை முடிந்து வந்ததும், நேரம் வைத்து நூறு ஸ்குவாட் செய்தார்கள். பதிமூன்று பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அத்தனை பேரும் வாட்டசாட்டமான விளையாட்டு வீரர்கள். விடுமுறையில் உடம்பு இளகியிருந்தது. பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், கை கால் வீங்கி மடக்க முடியாமல் போனால், ‘நல்லா வேலை செஞ்சிருக்கு’ என்று மகிழாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொழுப்புக்கு ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், தண்ணீர் குடிக்காமல் தகரக் கூரையின் கீழ் மே மாதப் பயிற்சி செய்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். கிராஸ்ஃபிட்டின் தொடக்க காலத்தில் இந்த நோயின் பெயரில் ஒரு கோமாளிப் பொம்மையை வரைந்து சிரித்துக்கொண்டார்கள். அந்த நகைச்சுவை எனக்குப் பிடிபடவே இல்லை.

எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை

கிராஸ்ஃபிட்டை அடிப்பதற்கு ஒரு கூட்டம் பொய்யையும் பயன்படுத்தியது. 2013-ல் அமெரிக்கப் பளுப் பயிற்சியாளர் சங்கத்தின் ஆய்விதழில், கிராஸ்ஃபிட் ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 16 சதவீதம் பேர் காயத்தாலும் அதீதப் பயிற்சியாலும் விலகியதாக ஒரு கட்டுரை வந்தது. அந்த எண்ணுக்கு ஆதாரம் தேறவில்லை. 2017-ல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. கிராஸ்ஃபிட் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் சங்கத்தைக் கடுமையாகத் தண்டித்தது. அந்தச் சங்கமும் பயிற்சியாளர் சான்றிதழ் விற்கும் அமைப்புதான். தொழில் போட்டி அறிவியல் வேடம் போட்டு வந்த கதை இது.

நேர்மையான கணக்கெடுப்புகள் என்ன சொல்கின்றன? 2013-ல் வெளியான ஒன்றில், ஆயிரம் மணி நேரக் கிராஸ்ஃபிட் பயிற்சிக்குச் சுமார் மூன்று காயம். ஒலிம்பிக் பளுதூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றின் அளவுதான், ரக்பியைவிடக் குறைவு. தோளும் முதுகும் அதிகம் அடிபட்டன. மறுவருடம் வந்த இன்னோர் ஆய்வு முக்கியமான ஒன்றைக் கண்டது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று முறையைத் திருத்திய இடங்களில் காயம் கணிசமாகக் குறைந்திருந்தது.

ஆகவே பிரச்சினை பெயர்ப் பலகையில் இல்லை. இருபது பேருக்கு ஒரு மாஸ்டர் என்றால் அவரால் இருபது முதுகைப் பார்க்க முடியாது.

தசை எதற்கு?

இவ்வளவையும் கேட்டுவிட்டு ‘பாடி பில்டரா ஆகப் போறோம், நமக்கு எதுக்கு வெயிட்டு’ என்று கேட்பவர்களே இங்கே பெரும்பான்மை. நடைப்பயிற்சி போதும் என்று நினைக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முதல் பாதி ஊரெங்கும் தெரியும். இரண்டாம் பாதியைச் சொல்பவர் யாருமில்லை.

நமக்கு அந்த இரண்டாம் பாதி கூடுதலாகவே தேவை. புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவரின் புகைப்படத்தை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. அச்சு அசலாக ஒன்று. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் தசை குறைவு, கொழுப்பு அதிகம். ‘எனக்குத் தொப்பைகூட இல்லையே, எப்படி சுகர் வந்துச்சு’ என்ற நம்மூர்ப் புலம்பலுக்கு விடை அந்தப் படத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைக்கும் கிடங்கு தசைதான். கிடங்கு சிறுத்தால் சரக்கு தெருவில் கிடக்கும். 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவோடு வாழ்பவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர்.

தசையை வளர்க்கும் முறைக்கு ரகசியம் எதுவும் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் முட்டி அடிபட்டு வந்த சிப்பாய்களைச் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் தேற்றிக்கொண்டிருந்த மருத்துவர் தாமஸ் டிலார்ம், அதுவரை வழக்கத்தில் இருந்த லேசான எடை, ஏராளமான முறை என்ற சிகிச்சையை மாற்றினார். கனமான எடை, குறைந்த முறை, உடம்பு தேறத் தேற எடையைக் கூட்டு என்றார். 1945-ல் எழுதியும் வைத்தார். இன்று உலகெங்கும் செட், ரெப்ஸ் என்று எண்ணுவதில் பாதி அவர் வேலை. நம்மூரில் இளவட்டக்கல் தூக்கியவர்களும் முதல் நாளே பெரிய கல்லில் கை வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த முறை வயதானவர்களிடமும் வேலை செய்கிறது. 1990-ல் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான காலெடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடைத் தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் எலும்பு தேய்ந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல். ஐந்து செட், செட்டுக்கு ஐந்து முறை, நல்ல கனம். முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மறுபாதிக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அங்கே எடை அதிகம், ஆள் குறைவு, பக்கத்தில் பயிற்சியாளர், செட்டுக்கு நடுவே ஓய்வு. யாரும் யாரோடும் ஓடவில்லை.

செலவாகும் நேரமும் கொஞ்சம்தான். 2022-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வாரம் முப்பது முதல் அறுபது நிமிடம் தசைப் பயிற்சி செய்தவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் பத்து முதல் இருபது சதவீதம் வரை குறைந்திருந்தது. நாம் ஒரு நாளில் ரீல்ஸ் பார்க்கும் நேரம்.

பழைய ஜிம் இழந்த ஆள்கள்

அப்படியானால் எல்லோரும் பழைய ஜிம்முக்கே போகலாமே? போனார்கள், மூன்றாம் வாரம் நின்றுவிட்டார்கள். பழைய ஜிம்மில் புதியவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. முதல் நாள் மாஸ்டர் நாலு எந்திரத்தைக் காட்டுவார். அதற்குப் பிறகு தனி மாஸ்டர் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நால்வர் நெஞ்சையும் கையையும் மட்டும் பெருக்குவார்கள். புரோட்டீன் டப்பா விற்பனை கல்லாவிலேயே நடக்கும். சில இடங்களில் ஊசியும். பெண்கள் உள்ளே நுழைந்தால் பாட்டு நிற்காது, ஆனால் எல்லாத் தலையும் திரும்பும்.

குழு வகுப்பு இந்த இடத்தில்தான் ஜெயித்தது. வரும் நேரம் நிச்சயம், கூட ஆள் நிச்சயம். இரண்டு நாள் வரவில்லையென்றால் ‘என்னாச்சுக்கா, ஊர்ல இல்லையா’ என்று வாட்ஸ்அப் வரும். வீட்டு வேலை, அலுவலகம், பிள்ளைகள் படிப்பு என்று தனக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கத் தெரியாத பெண்கள் பலரை முதன்முதலாகப் பார்பெல்லைத் தொட வைத்தது இந்த வகுப்புகள்தான். இந்திய வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை, பெண்களில் அது 57 சதவீதம், ஆண்களில் 42 என்று 2024-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த 57 சதவீதத்தில் ஒரு துளியையாவது வெளியே இழுத்தவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை.

உச்ச வேகப் பயிற்சிக்கும் இடம் உண்டு. நார்வேயின் டிரோண்ட்ஹெய்மில் இதய நோயாளிகளுக்கே நான்கு நிமிட வேகம், மூன்று நிமிடத் தளர்வு என்று மாற்றி மாற்றி நடை எந்திரத்தில் பயிற்சி கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். இதயத் துடிப்பைக் கருவியில் கவனித்துக்கொண்டே செய்தது அது. நடை எந்திரத்தில், பார்பெல் இல்லாமல்.

என்ன செய்யலாம்

புதிதாகத் தொடங்குபவர் முதல் மூன்று மாதம் கடிகாரம் வைத்த எந்த வகுப்பிலும் எடை தூக்க வேண்டாம். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஐந்தே பயிற்சிகள் போதும்: உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, தலைக்கு மேல் உயர்த்துவது. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செட், செட்டுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை. இன்னும் இரண்டு முறை செய்யத் தெம்பு இருக்கும்போதே நிறுத்திவிடலாம். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்காருங்கள், கதையும் பேசலாம். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, முறை மூன்றையும் எழுதிவையுங்கள். போன மாதம் 20 கிலோ, இந்த மாதம் 25 கிலோ என்று அதில் ஏறினால் பயிற்சி வேலை செய்கிறது. வேர்வையையும் மறுநாள் வலியையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்பைக் கண்டவர்கள் உச்ச வேக வகுப்பில் சேரும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் ‘கேஸ் டிரபிள்’ என்று இஞ்சிச் சாறு தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சல் விட்ட வாரத்திலும், முந்தைய இரவு குடித்துவிட்டும் ஜிம் பக்கம் போகக் கூடாது.

குழு வகுப்பு நடத்துபவர்களிடம் கேட்பது அதிகமில்லை. எடை தூக்கும் பகுதியைக் கடிகாரத்துக்கு வெளியே எடுங்கள். அரை மணி நேரம் எல்லோரும் சேர்ந்து, நிதானமாக, அவரவர் நோட்டைப் பார்த்துத் தூக்கட்டும். பிறகு பத்து நிமிடம் சைக்கிளிலோ துடுப்பு எந்திரத்திலோ மூச்சு வாங்கட்டும், அப்போது கடிகாரமும் ஓடட்டும், பாட்டும் கத்தட்டும். எடைப் பகுதியில் எட்டுப் பேருக்கு ஒரு பயிற்சியாளராவது இருக்க வேண்டும். தரையில் கிடப்பவர்களின் படத்தைப் போடுவதை விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் ஒருவர் ஏற்றிய எடையைப் பலகையில் எழுதுங்கள்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்குப் பதிவு வேண்டும்; ஐம்பது வயதுக்காரரின் முதுகில் நாற்பது கிலோ ஏற்றுபவருக்கு அப்படியொரு பதிவு மன்றம் இல்லை. உள்ளாட்சி அமைப்புகள் ஜிம்மின் வணிக உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, பயிற்சியாளரின் தகுதிச் சான்று, நெஞ்சழுத்த முதலுதவிப் பயிற்சி, இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கும் ஏ.இ.டி. கருவி ஆகியவற்றைக் கேட்கலாம். புதிதாகச் சேருபவரிடம் ஒரு பக்க உடல்நலப் படிவம் வாங்கி வைப்பதையும் கட்டாயமாக்கலாம். தீயணைப்புக் கருவிக்குக் கேட்பதுபோல் கேட்டால் போதும்.

ஜிம் வாசலையே மிதிக்காத கோடிக்கணக்கானவர்களை எட்ட இன்னொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. இயன்முறை மருத்துவர்களும் அதில் இருக்கிறார்கள். மாத்திரை கொடுக்கும் அதே வருகையில், அறுபது தாண்டியவர் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணி அட்டையில் குறிக்கலாம். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு அந்த எழுந்து உட்காரும் பயிற்சியையே நாளுக்கு இரண்டு வேளை சொல்லிக்கொடுக்கலாம்.

2023-ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைத்தடம் அமைத்தது ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம். விடியற்காலையில் அங்கே நடக்கும் கூட்டம் ஏற்கெனவே ஒரு குழுதான்; பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழகியவர்கள். தடத்தின் ஒரு முனையில் கூரை போட்டு, இரண்டு கிலோவிலிருந்து இருபது கிலோ வரை டம்பெல்கள் வைத்து, காலை ஐந்தரை முதல் எட்டு வரை தகுதியுள்ள ஒரு பயிற்சியாளரை அமர்த்தலாம். உடற்கல்வி படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் அது வேலை. முதலில் நான்கைந்து மாவட்டங்களில் ஓராண்டு நடத்தி, வருபவர்களின் நாற்காலி எண்ணிக்கையையும் சர்க்கரை அளவையும் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோகலாம்.